மலையக மழையில் வீட்டுப் பாதையும் வாடகைக் கழிவுப் பெட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டி என்று மலையகத்தில் எங்கே வீட்டு வேலை தொடங்கினாலும் இரண்டு தலைவலி சேர்ந்தே வரும். ஒன்று, பெரிய ரோட்டிலிருந்து வாசலுக்கு வரும் பாதை. மற்றது, உடைத்த கல்லையும் மண்ணையும் அள்ளிப்போக வாடகைக்கு எடுத்து, அதே பாதையில் நிறுத்திவைக்கும் பெட்டி. பழைய பங்களாவை விடுதியாக்குகிறவரும் சரி, தோட்டத்தில் கிடைத்த 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டுகிறவரும் சரி, கட்டிட வேலை செய்யும் என்னிடம் கேட்பது அநேகமாக இந்தக் கேள்விகளைத்தான்.

போன வருஷம் போட்ட கொங்கிரீட் பாதை இப்போதே ஓரத்தில் உடைகிறது. மேசன் பாஸ் சீமெந்தைக் குறைத்துவிட்டாரா?

குறைத்திருக்கலாம். ஆனால் அவரைத் திட்டுவதற்கு முன், நல்ல மழை நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு பாதையின் மேல்முனையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாதையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது, எந்த இடத்தில் ஓரத்துக்கு இறங்குகிறது என்று பாருங்கள். தண்ணீர் இறங்கும் இடமும் உடைந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

கணக்கும் சுலபம். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். 25 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலமுள்ள பாதை 75 சதுர மீற்றர். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் பாதையில் மட்டும் 7,500 லீற்றர். 100 சதுர மீற்றர் கூரை, பீலி இல்லாமல் அதே பாதைக்கு வடிந்தால் இன்னொரு 10,000 லீற்றர். மேலே இருக்கும் தேயிலை மலையிலிருந்து வருவதை இதில் சேர்க்கவே இல்லை. வட்டவளை, கினிகத்தேனை, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரை எட்டும் மழை. வெலிமடையில் அதில் பாதிகூடப் பெய்யாது.

இவ்வளவு தண்ணீரும் கொங்கிரீட்டை மேலிருந்து தேய்த்து உடைப்பதில்லை. ஓரத்தில் இறங்கி, அடியிலுள்ள மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகிறது. அடியில் பொந்து விழுந்த பிறகு ஒரு நாள் வான் சில்லு அந்த இடத்தில் ஏறும், தாங்க ஒன்றுமில்லாமல் கொங்கிரீட் முறியும். அதற்கு இன்னும் இரண்டு மூட்டை சீமெந்து கூடுதலாகப் போட்டிருந்தாலும் முறிந்துதான் இருக்கும். ஆகவே பாதை என்றால் முதலில் தண்ணீர் வடியும் கான், பிறகுதான் கொங்கிரீட்.

சரி, கானை எங்கே வெட்டுவது? எவ்வளவு பெரிதாக?

வீடு ரோட்டை விடப் பள்ளத்தில் இருந்தால், ரோட்டுத் தண்ணீர் கேற் வழியாக உள்ளே வரும். கேற்றடியிலேயே குறுக்காக ஒரு கான் வெட்டி, மேலே இரும்புக் கம்பிச் சட்டம் போடுங்கள். வீடு மேட்டில் இருந்தால் முற்றம் முடிந்து பாதை தொடங்கும் இடத்தில் அந்தக் குறுக்குக் கான் வரவேண்டும். எப்படியானாலும் தண்ணீர் பாதையில் ஏறுவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும் என்பதுதான் விஷயம்.

அகலம் 9 அங்குலம், ஆழம் 9 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நாலு அங்குலக் குழாயைப் புதைத்துவிட்டு "கான் வைத்திருக்கிறேன்" என்கிறவர்கள் உண்டு. யூக்கலிப்டஸ் இலையும் செம்மண்ணும் சேர்ந்தால் அந்தக் குழாய் ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும். மண்வெட்டி உள்ளே போகாத கானை யாரும் சுத்தம் செய்யப்போவதில்லை. மேலே போடும் கம்பிச் சட்டத்தையும் சீமெந்து வைத்து ஒட்டிவிடாதீர்கள், தூக்கி எடுக்கக்கூடியதாக வையுங்கள்.

பாதைக்கு ஒரு பக்கச் சாய்வும் தேவை. 3 மீற்றர் அகலத்துக்கு ஏழெட்டு சென்ரிமீற்றர் இறக்கம் போதும். அந்தச் சாய்வு மலைப்பக்கமாக இருக்கவேண்டும், பள்ளத்துப் பக்கமாக அல்ல. பள்ளத்துப் பக்கம் சாய்த்தால் தண்ணீர் நேரே மண்ணைத் தாங்கும் கட்டுக்கல் மதிலின் தலையில் இறங்கும். மலைப்பக்க ஓரத்தில் பக்கக் கான் ஓடி, அது வளைவுகளில் குறுக்கே கடந்து வெளியேறட்டும். நீளமான பாதை என்றால் பத்துப் பன்னிரண்டு மீற்றருக்கு ஒரு தடவை சரிவாக ஒரு சின்னக் குழிவைக் கொங்கிரீட்டிலேயே விட்டால், தண்ணீர் வேகம் பிடிப்பதற்குள் ஓரம் போய்விடும்.

எல்லோரும் மறக்கிற இடம் ஒன்று இருக்கிறது: கான் முடியும் வாய். அங்கே தண்ணீர் வெறும் மண்ணில் விழுந்தால் இரண்டு மழைக்காலத்தில் ஓர் ஆள் இறங்குகிற பள்ளம் விழுந்துவிடும். கருங்கல்லைச் சீமெந்தில் பதித்துப் படி படியாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் விழுந்து வேகம் குறையும். அதன் இரு பக்கமும் வெட்டிவேரோ மானாப் புல்லோ நெருக்கமாக நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, தண்ணீரைப் பக்கத்து வளவுக்குத் திருப்பிவிடாதீர்கள். மலையில் பல வருஷச் சண்டைகள் பலவும் இப்படி ஒரு கான் வாயில்தான் தொடங்கியிருக்கின்றன.

பாதைக்குக் கீழே கட்டுக்கல் மதில் இருக்கிறது. அதற்கு ஏதாவது செய்யவேண்டுமா?

மதிலில் தண்ணீர் கசிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை மீற்றருக்கு ஒன்றாக 2 அங்குல பீ.வீ.சீ. குழாய், அதன் பின்னால் சல்லிக்கல் நிரப்பியிருக்க வேண்டும். குழாய் இருந்தும் பெரிய மழையில் ஒரு சொட்டும் வராவிட்டால் பின்னால் மண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். ஓட்டையே இல்லாத மதில் நடுவில் வயிறு தள்ளினால், அதன் மேல் வாகனம் நிறுத்துவதை அன்றே விட்டுவிடுங்கள்.

கொங்கிரீட், தார், இன்டர்லொக் கல், கிரவல்: எது நல்லது?

சரிவுதான் தீர்மானிக்கும். 10 மீற்றர் போனால் எத்தனை மீற்றர் ஏறுகிறது என்று ஒரு நூலையும் மட்டப் பலகையையும் வைத்துப் பாருங்கள். ஒரு மீற்றருக்குள் என்றால் கிரவல்கூடப் போதும், ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் நிரப்பவேண்டி வரும். அதற்கு மேலே போனால் கிரவலை மழை கீழே கொண்டுபோய்ப் பொது ரோட்டில் கொட்டும். இரண்டு மீற்றரை எட்டினால் கொங்கிரீட்டைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். அந்த ஏற்றத்தில் ஈரத்தில் சில்லு வழுக்கும், காரின் அடியும் முனைகளில் உரசும், அதனால் மேலும் கீழும் சரிவை மெல்ல மெல்ல மாற்றவேண்டும்.

கார் மட்டும் வரும் பாதைக்கு 4 அங்குலக் கனம், லொறியோ கழிவுப் பெட்டியோ வருமென்றால் 6 அங்குலம். அடியில் நன்றாகத் தட்டி இறுக்கிய சல்லிப் படுக்கை. மூன்று மீற்றருக்கு ஒரு வெட்டு விடுங்கள். வெடிப்பு எப்படியும் வரும், நாம் சொன்ன இடத்தில் வரட்டும். மேற்பரப்பைக் கரண்டியால் வழவழவென்று தேய்க்க பாஸ் ஆசைப்படுவார், விடாதீர்கள். கொங்கிரீட் கொஞ்சம் இறுகி, விரல் வைத்தால் தடம் மட்டும் விழுகிற பதத்தில், ஈர்க்குமாறைச் சரிவுக்குக் குறுக்காக ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும். முந்தினால் சீமெந்துப் பால் மாறோடு வந்துவிடும், பிந்தினால் கோடே விழாது. அந்தக் கோடுகள்தாம் மழைநாளில் சில்லுக்குப் பிடி.

காசு குறைவென்றால் சில்லு போகும் இரண்டு பட்டைக்கு மட்டும் கொங்கிரீட் போட்டு நடுவில் புல் விடலாம். பழைய பங்களாப் பாதைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். செலவும் குறைவு, நடுப்புல் கொஞ்சத் தண்ணீரையும் குடிக்கும். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

இன்டர்லொக் கல் பார்க்க அழகு. வாகனம் ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீற்றர் கல் எடுங்கள். சரிவில் பதித்தால் கற்கள் மொத்தமாகக் கீழே நகரப் பார்க்கும், இடுக்கு மணலையும் மழை கழுவும். ஓரத்தில் சீமெந்துக் கட்டும் நடுவில் குறுக்குக் கட்டுகளும் இல்லாமல் பதிக்கச் சொல்லாதீர்கள். தார் வீட்டுப் பாதைக்கு அரிதாகத்தான் பொருந்தும். தண்ணீர் தேங்கும் இடத்தில் தார் கிளம்பும், சின்ன வேலைக்கு நல்ல ஆட்கள் கிடைப்பதும் கஷ்டம்.

எந்த மாதத்தில் வேலை தொடங்கலாம்?

மலையகம் முழுவதற்கும் ஒரே நாட்காட்டி கிடையாது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் பாதை போடும் காலம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை என்று ஊவாப் பக்கம் போனால் கதை மாறும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை அங்கே மழை, ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சி. அந்த வறட்சியை நம்பிக் கொங்கிரீட் போடுகிறவர்கள் காற்றை மறந்துவிடுவார்கள். ஜூலைக் காற்று அடிக்கும்போது கொங்கிரீட்டின் மேல்தோல் ஒரு மணித்தியாலத்துக்குள் உலர்ந்து மயிர்போல் வெடிப்பு விழும். விடியற்காலையில் போட்டு, மாறு இழுத்த கையோடு பொலித்தீனால் மூடுங்கள். பிறகு ஏழு நாள் ஈரச்சாக்கு காயவே கூடாது.

ஒக்டோபரும் நவம்பரும் யாருக்கும் நல்லதல்ல. மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வருவதால் பகல் சாப்பாட்டுக்கு முன் வேலையை முடித்துவிடுங்கள்.

நுவரெலியாவில் உறைபனி விழுகிறதே, பாதையில் உப்புத் தூவவேண்டுமா?

வேண்டாம். அது பனிநாடுகளின் வைத்தியம். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் இங்கே புல்லின் மேலும் உருளைக்கிழங்குச் செடியின் மேலும் வெள்ளையாகப் படிவது வெயில் ஏறியதும் போய்விடும். நிலத்துக்குள் உறைவதில்லை. உப்புப் போட்டால் கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும், காரின் அடித்தகரமும் போகும். புதுக் கொங்கிரீட்டுக்கு மட்டும் அந்த இரவுகளில் சாக்கையும் படங்கையும் சேர்த்து மூடுங்கள். குளிரில் அது மெதுவாகத்தான் இறுகும்.

பாசியில் மாதத்துக்கு ஒருவர் வழுக்கி விழுகிறார். என்ன செய்வது?

வெயிலை உள்ளே விடுங்கள். பாதைக்கு மேலே கவிந்த கிளைகளை வெட்டினாலே பாதிப் பாசி குறைந்துவிடும். மீதியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, குளோரின் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணித்தியாலம் கழித்துக் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் மரக்கறித் தோட்டத்துக்கோ குடிநீர் எடுக்கும் ஓடைக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓயாமல் கசிகிற இடத்தில் மட்டும் பாசி திரும்பத் திரும்ப வந்தால் அது பாசிப் பிரச்சினை அல்ல, கான் பிரச்சினை.

கழிவு அள்ள இரும்புப் பெட்டியை வாடகைக்கு எடுப்பதா, ட்ரக்டர் பெட்டியா, டிப்பரா?

ஒரு நாளோடு முடியும் உடைப்பு வேலைக்கு டிப்பரைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்புவதுதான் லாபம். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறீர்கள் என்றால்தான் நிறுத்திவைக்கும் பெட்டி தேவை. கொழும்பில் பார்க்கிற பெரிய இரும்புப் பெட்டியை ஏற்றி இறக்கும் லொறிக்கு அகலமும் திரும்ப இடமும் வேண்டும். நம் பாதைகள் பலவற்றில் அது கேற்றைக்கூடத் தாண்டாது. ட்ரக்டர் பெட்டியைக் கழற்றி நிறுத்திக்கொள்வதுதான் இங்கே நடைமுறை. ஒடுங்கிய ஏற்றத்துக்கு பட்டா என்கிற சின்ன லொறி அல்லது லேண்ட்மாஸ்டர் என்கிற இரு சில்லு ட்ரக்டர்.

எதை எடுத்தாலும் எடையை முன்பே யோசியுங்கள். கியூப் கணக்கில்தான் பேசுவோம், அதாவது 100 கன அடி. ஒரு கியூப் மண் காய்ந்த நிலையிலேயே நாலு டொன்னுக்கு மேல் வரும். மழையில் நனைந்தால் அதற்கு மேல்.

பெட்டியைப் பாதையில் எங்கே நிறுத்துவது?

கானின் மேல் மட்டும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம், வேலைசெய்கிறவர்கள் எல்லோரும் முதலில் காட்டும் இடம் அதுதான், ஓரமாக இருக்கிறதல்லவா! பெட்டியின் அடி கானை அடைத்தால் அன்றிரவு மழைத் தண்ணீர் முழுவதும் பாதையைக் கடந்து பள்ளத்துப் பக்கம் இறங்கும். கட்டுக்கல் மதிலின் விளிம்பிலிருந்தும் தள்ளி நிறுத்துங்கள். மதில் எவ்வளவு உயரமோ அந்த அளவு தூரமாவது விடுவது என் வழக்கம்.

கொங்கிரீட் புதிதென்றால் 28 நாள் பொறுங்கள். ஏழு நாளில் கார் ஏறலாம், நிறைந்த பெட்டி ஏறக்கூடாது. பழைய கொங்கிரீட் என்றாலும் அடியில் 2 அங்குலப் பலகை போடுங்கள். இரும்புப் பெட்டியின் உருளையும் ட்ரக்டர் பெட்டியின் முன்காலும் முழு எடையையும் உள்ளங்கை அகலத்தில்தான் இறக்குகின்றன. இன்டர்லொக் கல்லில் அந்த இடம் ஒரு வாரத்தில் குழிவிழும். பலகை பெட்டியை விட ஓர் அடியாவது வெளியே நீட்டிக்கொண்டு, சரிவின் போக்கில் கிடக்கட்டும். குறுக்கே கிடந்தால் அது தண்ணீருக்கு அணை கட்டியதுபோலத்தான்.

எங்கள் வளவில் சமமான இடமே இல்லை. சரிவில் நிறுத்தலாமா?

மிதமான சரிவென்றால், கவனத்தோடு. கழற்றிய ட்ரக்டர் பெட்டியின் எல்லாச் சில்லுக்கும் கீழ்ப்பக்கம் அண்டை கொடுங்கள். செங்கல் துண்டு உதவாது, நொறுங்கும். ஆப்பாகச் சீவிய மரக்கட்டை வேண்டும். பாரத்தை மலைப்பக்கமாக ஏற்றுங்கள். கீழ்ப்பக்கத்தில் பிள்ளைகள் விளையாடும் இடமோ லயத்து வாசலோ இருந்தால் நிறுத்தவே வேண்டாம், ஏற்றிய கையோடு ட்ரக்டர் கொண்டுபோகட்டும். மழையில் ஈரமான கொங்கிரீட்டில் அண்டையும் வழுக்கும் என்பதை டிரைவர்மார் சொல்லத் தேவையில்லாமல் அறிவார்கள். வீட்டுக்காரர்தான் அவசரப்படுத்துவார்.

மழைக்கு எப்படி மூடுவது? படங்கை விரித்துக் கல் வைத்தால் போதாதா?

போதாது. நடுவில் படங்கு தொய்ந்து தண்ணீர் தேங்கும், பிறகு கிழிந்து மொத்தமாக உள்ளே இறங்கும். மூடாத பெட்டி 3 மீற்றருக்கு 1.8 மீற்றர் என்றால், 100 மில்லிமீற்றர் மழையில் 540 லீற்றர், அதாவது அரை டொன்னுக்கு மேல் எடை ஒரே நாளில் ஏறும். காசு கொடுத்துத் தண்ணீரை ஏற்றி அனுப்புவானேன்?

பெட்டியின் நீளவாக்கில் நடுவில் ஒரு கம்பையோ மூங்கிலையோ உயர்த்திக் கட்டி, அதன் மேல் படங்கைப் போட்டால் இரு பக்கமும் கூரைபோல் வடியும். ஓரம் பெட்டிக்கு வெளியே ஓர் அடி தொங்கட்டும். கயிற்றைப் பெட்டியின் கொளுக்கியிலோ சட்டத்திலோ கட்டுங்கள், தளர்ந்தால் இறுக்கக்கூடிய முடிச்சாக. கல்லை மேலே வைக்கும் பழக்கத்தை விடுங்கள், காற்றில் படங்கு தூக்கும்போது அந்தக் கல் யார் தலையில் விழும் என்று சொல்லமுடியாது. படங்கின் தண்ணீர் விழும் பக்கம் கான் இருக்கும்படி திருப்பி வைத்தால் இன்னும் நல்லது.

ஹப்புத்தளைக் காற்றுக்கு என்ன செய்வது?

தகரம், ரெஜிபோம் (பொதி செய்ய வரும் வெள்ளை நுரைப் பலகை), வெற்றுச் சீமெந்துப் பை ஆகிய மூன்றும் மேலே கிடக்கக்கூடாது. தகரத்தைக் கட்டாகக் கட்டி அடியில் போட்டு அதன் மேல் கல்லும் மண்ணும் ஏற்றுங்கள். காற்றில் பறந்த தகரம் கத்திதான்.

பீ.எச்.ஐ. ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். எதற்கு?

நுளம்புக்கு. வெற்று வாளி, பெயின்ட் டின், உடைந்த கழிப்பறைக் கோப்பை, படங்கின் தொய்வு என்று தண்ணீர் நிற்கும் எதிலும் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும், அதனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது கவிழ்த்துக் கொட்டவேண்டும். கண்டி, கம்பளை, பதுளை மாதிரி வெக்கையான இடங்களில் இது விளையாட்டல்ல. நுளம்பு பெருக இடம் வைத்திருந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்குப் போடலாம். பெட்டி வாடகையென்றாலும் அது நிற்பது உங்கள் வளவில், பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

பெட்டிக்குள் எதைப் போடக்கூடாது?

சாப்பாட்டுக் கழிவு வேண்டாம். இரவில் காட்டுப்பன்றி வரும், நாய் வரும், நாயைத் தேடிச் சில தோட்டங்களில் சிறுத்தையும் வரும். பெயின்ட், எண்ணெய், பற்றரி வேண்டாம், மழை அதைக் கழுவி ஓடைக்குக் கொண்டுபோகும். பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டைக் கல்லோடு சேர்த்து உடைத்துப் போடுவதுதான் பெரிய தவறு. அதன் தூசி நெஞ்சுக்கு ஆபத்து. தண்ணீர் தெளித்து, உடைக்காமல் கழற்றி, தடித்த பொலித்தீனில் சுற்றித் தனியே வைத்து, பிரதேச சபையிடம் கேட்டு அனுப்புங்கள்.

டிரைவர் "பள்ளத்தில் கொட்டிவிடுகிறேன், பாதிக் காசு தாங்க" என்கிறார்.

மறுத்துவிடுங்கள். கொட்டிய மண் அடுத்த மழையில் மதகை அடைக்கும், மதகு அடைத்தால் ரோடு போகும், கீழே லயம் இருந்தால் அதற்கும் ஆபத்து. மிச்சம் ஓடை வழியாக நம் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போய்ச் சேரும். சுத்தமான கல், செங்கல், ஓட்டுத் துண்டுகளை எறியவேண்டிய அவசியமும் இல்லை. உடைத்து உங்கள் பாதைக்கே அடிப்படுக்கையாகப் போடலாம். பல வேலைகளில் நான் பாதிக் கழிவை இப்படியே முடித்திருக்கிறேன்.

வாடகைக்குப் பேசும்போது எதை எழுதி வாங்கவேண்டும்?

நாள் கணக்கு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எடை கூடினால் என்ன, மழையால் எடுக்க வரமுடியாத நாளுக்கு வாடகை உண்டா என்ற மூன்றும் முக்கியம். கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும் லொறி கடுகண்ணாவையிலோ றம்பொடையிலோ மண்சரிவால் நின்றுவிடலாம். அந்த நாட்களின் செலவு யார் தலையில் என்று முதலிலேயே தெரிந்திருக்கட்டும். இறக்கும்போதே பெட்டியின் நாலு பக்கத்தையும், அடித் துருவையும், உங்கள் பாதையையும் போனில் படம் எடுத்து, அங்கேயே பெட்டிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

பொது ரோட்டோரம் வைக்கலாமா?

கேட்காமல் முடியாது. ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, மற்றவை பிரதேச, நகர அல்லது மாநகர சபை, தோட்ட ரோடு என்றால் தோட்ட நிர்வாகம். அனுமதி கிடைத்தாலும் மூடுபனியில் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. நாலு மூலையிலும் ஒளிதெறிக்கும் பட்டி ஒட்டுங்கள்.

பாதையில் நீளமாக ஒரு வெடிப்பு, மழைக்கு மழை அகலமாகிறது. சீமெந்து பூசினால் சரியாகுமா?

பூசுவதற்கு முன் சுற்றிப் பாருங்கள். வெடிப்பு கொங்கிரீட்டோடு நிற்கிறதா, பக்கத்து மண்ணிலும் ஓடுகிறதா? மரமோ தந்திக் கம்பமோ சாய்கிறதா? கதவு திடீரென இறுகுகிறதா? இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா, இருந்த ஊற்று கலங்குகிறதா, நிற்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அது பாஸின் வேலை அல்ல. கிராம சேவகருக்குச் சொல்லி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தைப் பார்க்க வையுங்கள்.

அந்த நிறுவனம் மழையளவை வைத்து எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கவேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகவேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேறவேண்டும். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்ததையும் பார்த்த ஊர் இது. அந்த மழையில் பாதையையும் பெட்டியையும் காப்பாற்றப் போகவேண்டாம். வாடகைப் பெட்டிக்கு நட்டம் கொடுத்துக்கொள்ளலாம்.

பாதையை முழுதாகத் திருத்தக் காசில்லை. இப்போதைக்கு எதைச் செய்வது?

கூரைக்குப் பீலி போட்டு அந்தத் தண்ணீரைக் குழாயில் நேரே கானுக்கு இறக்குங்கள். மேல்முனையில் குறுக்குக் கானை வெட்டுங்கள். கொங்கிரீட் செய்யக் காசில்லாவிட்டால் கல்லடுக்கி வெட்டினாலும் போதும். ஓரத்தில் பொந்து விழுந்த இடங்களில் முறிந்த கொங்கிரீட்டை அலவாங்கால் உடைத்தெடுத்து, ஈர மண்ணையும் அள்ளிவிட்டு, சல்லியும் சீமெந்தும் குத்தி இறுக்கி நிரப்புங்கள். மேலே மட்டும் பூசினால் அடுத்த மே மாதம் அதே இடத்தில் திரும்ப உடையும். மேற்பரப்பு அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும், அதை அடுத்த வருஷம் பார்க்கலாம்.